தந்தப் பந்துக்கு எண்ணெய் தேய்த்தேன்

போன மாதம் அந்தோணி என்னைப் பார்க்க வந்திருந்தார். நான் இருபத்தெட்டு வருஷம் கால்கடுக்க நின்ற அதே கிளப்பில், அதே பில்லியர்ட்ஸ் அறையில் இப்போது அவர்தான் மார்க்கர். மார்க்கர் என்றால் ஆட்டத்தில் புள்ளி எண்ணிச் சொல்லுகிறவன். மேசை, கோல், பந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவனும் அவனே. பிரான்சிலிருந்து புதுப் பந்துகள் வந்திருப்பதாகச் சொன்னார். மருந்து கலந்து தொழிற்சாலையில் வார்த்த பந்துகளாம்.

"பீங்கான் சட்டியில சோப்புத் தண்ணிய ஊத்தி அலசி எடுத்தா முடிஞ்சுதுண்ணே. கீரை அலசுற மாதிரிதான். நீங்கள்லாம் அந்தத் தந்தப் பந்த வச்சிக்கிட்டு என்ன பாடு பட்டீங்களோ."

"பட்டோம்" என்றேன்.

"பழசு ஒரு பெட்டி அலமாரியில கெடக்குண்ணே. மஞ்சப் பூத்துப் போச்சு. வெளுக்க வைக்க என்ன பண்ணலாம்? எண்ணெ போட்டுத் தேச்சா பளபளன்னு வரும்னு நம்ம சமையக்காரர் சொல்றார்."

காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். "வேணாம். எண்ணெ மட்டும் வேணாம்" என்றேன். ஏன் என்று கேட்டார். பேச்சை மாற்றி, அவர் மனைவிக்குக் கால்வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்து அனுப்பிவிட்டேன். அவர் போனபிறகு எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. வாயால் சொல்லித் தீராததை எழுதித் தொலைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பந்தை எப்படித் துடைப்பது என்பதையும் சொல்கிறேன், எப்படித் துடைக்கக்கூடாது என்பதையும் சொல்கிறேன். இரண்டாவதுதான் என் கதை.

காரைக்காலிலிருந்து கப்பலேறி, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனுக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கிளப்பின் சமையல்கட்டில் ஒரு வருஷம், தொப்பியும் குடையும் வாங்கி மாட்டும் இடத்தில் இரண்டு வருஷம், பிறகு பில்லியர்ட்ஸ் அறை. கற்றுக்கொண்டதை எல்லாம் விவரித்தால் உங்களுக்குக் கொட்டாவி வரும். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆடும் மேசையில் பந்து விழுவதற்குக் குழி கிடையாது. மூன்றே பந்து. ஒன்று சிவப்பு. ஒன்று வெள்ளை. இன்னொரு வெள்ளையில் மிளகளவு கறுப்புப் பொட்டு இருக்கும். இரண்டு ஆட்டக்காரர்களுக்கும் ஆளுக்கொரு வெள்ளை. கோலால் தன் வெள்ளையைத் தட்டினால் அது போய் மற்ற இரண்டையும் தொட வேண்டும், அதற்கு ஒரு புள்ளி. வெளியாள் யாராவது விருந்தாளியாக ஆட வந்தால் பொட்டு வைத்த பந்தை அவருக்குக் கொடுப்பது எங்கள் கிளப்பின் வழக்கம்.

எங்கள் அறைக்கு மேலதிகாரி முசே லூசியானி; முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரான்சைச் சேர்ந்த கோர்ஸ் தீவுக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வெயில் கொளுத்துகிற ஏப்ரலிலும் வெள்ளைக் கோட்டின் கழுத்துப் பொத்தானைக் கழற்ற மாட்டார். கோபம் வந்தால் அந்தப் பொத்தானை ஒருமுறை தொட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான். அதற்கே நாங்கள் ஆளுக்கொரு வேலையைத் தேடி ஓடுவோம். மற்ற வெள்ளைக்காரர்கள் எங்களை "ஏய்" என்று கூப்பிட்டபோது அவர் "முசே லூர்து" என்று கூப்பிட்டார். அதற்காகவே அவருக்கு உயிரைக் கொடுக்கலாம் என்று நினைத்த காலம் உண்டு.

அந்த அறையில் நான் சேர்ந்த முதல்நாள் ஒரு பந்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இது ஒரு யானையின் பல். யானை செத்துவிட்டது, பல் இன்னும் சாகவில்லை. மழைக்காலத்தில் உப்பும், வெயிலில் இளைக்கும். தண்ணீர் கூடாது. எண்ணெய் கூடாது. வெயில் கூடாது." இதை மூன்று தடவை சொன்னார். அதன்பிறகு எத்தனையோ வருஷங்களில் ஒருதரம்கூடத் திருப்பிச் சொல்லவில்லை. முதல்நாள் சொன்னதை மறந்துவிடும் ஆள் அவருக்கு வேண்டாம்.

திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை. அன்று தரையெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கழுவி விடுவார்கள். கட்டடம் முழுக்க ஈரம் ஏறிவிடும். அந்த ஈரக்காற்று பந்துக்கு ஆகாது என்பதால் ஞாயிற்றுக்கிழமை மாலையே பந்துகளை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். திங்கட்கிழமை வீட்டில் வைத்துத் துடைத்து மெருகேற்றி, செவ்வாய்க்கிழமை காலை கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். இரும்புப் பூட்டு போட்ட ஒரு மரப்பெட்டி. உள்ளே சலித்த மரத்தூள். அதற்குள் மூன்று பந்தும் முட்டை மாதிரி புதைந்திருக்கும். ரிக்‌ஷாவில் போனால் குலுங்கும் என்று மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு நடந்தே போவேன். சந்தைக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தில் எல்லோரும் என்னை "பெட்டிக்காரர்" என்றுதான் சொல்வார்கள்.

வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறக்கக்கூடாது. நம் அறையின் சூட்டுக்குப் பந்து பழக வேண்டும். ஒரு மணிநேரம் அப்படியே இருக்கும். ஜன்னலைச் சாத்திவிடுவேன். சைகோன் புழுக்கத்தில் கை வேர்க்காமல் இருக்குமா? என் மனைவி ஆரோக்கியம் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்துக்கொடுத்த கையுறையைப் போட்டுக்கொள்வேன். முதலில் கம்பளித் துணி. கோல் முனையில் பூசும் நீலச் சுண்ணாம்பு பந்தில் கறையாக ஒட்டியிருக்கும். அந்த இடத்தில் வாயால் மெல்ல ஊதினால் மூச்சின் ஈரம் படியும். அது போதும், உடனே துடைத்துவிட வேண்டும். அதற்குமேல் ஈரம் கிடையாது. பிறகு சீமைச் சுண்ணாம்புத் தூளை மெல்லிய துணியில் இரண்டு தடவை சலித்து, அதை மெத்தென்ற ஆட்டுத்தோலில் தொட்டு, பந்தை உள்ளங்கைக்குள் சுழற்றித் தேய்க்க வேண்டும்.

இதில்தான் சூட்சுமம். ஒவ்வொரு தேய்ப்பிலும் கண்ணுக்குத் தெரியாமல் தந்தம் கொஞ்சம் தேய்ந்துபோகிறது. ஒரு பந்தைக் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் அது மற்றதைவிட இளைத்துவிடும். மூன்றுக்கும் ஒரே அளவு தேய்ப்பு விழ வேண்டும். எண்ணிக்கை தவறாமல் இருக்க நான் கண்டுபிடித்த வழி, ஐம்பத்து மூன்று மணி ஜெபம். ஒரு அருள்நிறை மந்திரத்துக்கு ஒரு சுற்று. ஒரு பந்துக்கு ஒரு ஜெபமாலை. மூன்று பந்துக்கு மூன்று. வாரம் தவறாமல் நான் மூன்று ஜெபமாலை சொல்வதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் என்னைப் பெரிய பக்திமான் என்று நம்பினார்கள். ஆரோக்கியத்துக்கு மட்டும் உண்மை தெரியும். "மாதாவுக்குச் சொல்றீங்களா, மாட்டுக் கொம்புக்குச் சொல்றீங்களா?" என்று கேட்பாள். யானைத் தந்தம் என்று திருத்துவேன்.

செவ்வாய்க்கிழமை காலை முசே லூசியானி பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பந்தாக எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. பிறகு மேசையின் ஒரு கோடியிலிருந்து மெதுவாக உருட்டிவிடுவார். மெதுவாக உருட்டினால்தான் பந்தின் குறை தெரியும். வேகமாகப் போகும் பந்து எல்லாக் குறையையும் மறைத்துவிடும். அது நேராகப் போய் எதிர்க்கோடியைத் தொட்டால் தலையை ஒருமுறை அசைப்பார். அந்த ஒரு தலையசைப்புக்காக நான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன் என்றால் சிரிக்காதீர்கள்.

இனி முசே அமலோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் காரைக்கால்காரர்தான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவர் அப்பா காலத்திலேயே பழைய வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கையெழுத்துப் போட்ட குடும்பம். அதனால் அவர் பிரெஞ்சுக் குடிமகன். ஓட்டு உண்டு, அலுவலகத்தில் வெள்ளைக்காரர்களோடு சரிசமமான பதவி உண்டு. சாயங்காலம் ஐந்து மணிக்கு அலுவலகம் விட்டதும் அந்தச் சரிசமம் முடிந்துவிடும். அவருடைய சகாக்கள் தெருவைக் கடந்து எங்கள் கிளப்புக்குள் நுழைவார்கள். அவர் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பார். யாருக்கு எந்த ஊர், யாருக்கு எப்போது உயர்வு என்பதெல்லாம் கிளப்பில் உட்கார்ந்து முடிவாகிவிடும். மறுநாள் காலையில் அவர் அலுவலகத்துக்குப் போனால் செய்தி மட்டும் காத்திருக்கும்.

கிளப்பின் சட்டப் புத்தகத்தில் தமிழன் வரக்கூடாது என்று ஒரு வரியும் கிடையாது. இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டு சிபாரிசு செய்தால் எந்தக் குடிமகனும் சேரலாம். ஆனால் அதுவரை ஒரு தமிழன்கூடச் சேர்ந்ததில்லை. முசே அமலோருக்கு ஒரு கையெழுத்து கிடைத்துவிட்டது, அவருடைய பழைய மேலதிகாரி ஒருவர் போட்டுவிட்டுப் பிரான்சுக்குப் புறப்பட்டுவிட்டார். இன்னொன்று வேண்டும்.

அவருக்கு இருந்த ஒரே மூலதனம் அவருடைய கை. காப்பிக்கடை மேசைகளில் அவர் ஆடினால் தெருவே நின்று பார்க்கும். அந்த ஊர்க்காரர்களான அன்னாமியர்கள், சீனர்கள், நம் ஆட்கள், பட்டாளத்துச் சொல்தாக்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர் பந்தை அடிக்க மாட்டார், தொட்டு அனுப்புவார். மூன்று பந்தையும் ஒரு மூலைக்குக் கூட்டிவந்து, கைக்குட்டை அளவு இடத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லப் புள்ளி எடுத்துக்கொண்டே போவார். பெரிய வீச்செல்லாம் கிடையாது. அவர் ஆட்டம் முழுக்க முழுக்க மெதுவான ஆட்டம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கிளப்பில் அப்போது முதல் ஆட்டக்காரர் முசே பெர்த்தோ. சைகோனை ஒட்டிய சோலோன் பக்கத்தில் நெல் ஆலை வைத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை, கொஞ்சம் வாய்க்கொழுப்பு உண்டு. ஒருநாள் எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: "அந்த அமலோர் என்னோடு இங்கே, இந்த மேசையில், இருநூறு புள்ளி ஆடி ஜெயிக்கட்டும். அந்த இடத்திலேயே நான் கையெழுத்துப் போடுகிறேன்." சிரிப்புக்குச் சொன்னாரோ என்னவோ, சபையில் சொன்ன வார்த்தை. நாள் குறித்துவிட்டார்கள். புதன்கிழமை மாலை ஐந்தரை மணி.

செய்தி நம் ஆட்களிடம் பரவியது. துறைமுகத்துக் காவல்காரரிலிருந்து துணிக்கடைக்காரர்வரை என்னைத் தெருவில் நிறுத்தி விசாரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த அறையில் ஒரு தமிழன் கோலைப் பிடித்து நிற்கப்போகிறான், அவன் புள்ளியை ஒரு தமிழன் எண்ணிச் சொல்லப்போகிறான். நானே ஆடப்போவதுபோல் திரிந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை வழக்கம்போலப் பெட்டியைத் திறந்து மூன்று ஜெபமாலையும் சொல்லி முடித்தேன். பொட்டுப் பந்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். மற்ற வெள்ளையோடு ஒப்பிட்டால் கொஞ்சம் மங்கல், லேசான மஞ்சள். வேறு யானையின் தந்தமோ என்னவோ, எத்தனை தேய்த்தாலும் அந்த நிறம் போகாது. முசே அமலோர் ஆடப்போவது இதை வைத்துத்தான். வெள்ளைக்கார மதாம்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பெர்த்தோவின் பந்து பால்போல மின்னும். நம் ஆளின் பந்து சோகை பிடித்ததுபோல ஓடுமா? எனக்குப் பொறுக்கவில்லை.

ஆரோக்கியம் அப்போதுதான் குளித்துவிட்டுத் தலையை வாரிக்கொண்டிருந்தாள். கையில் அவள் அம்மா கொடுத்த தந்தச் சீப்பு. மூன்று தலைமுறைச் சீப்பு. எண்ணெயும் சீயக்காயும் பட்டுப் பட்டு வெண்ணெய்போல வழவழவென்று மின்னியது. நான் அதையே பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"இதுவும் தந்தம்தானே?" என்றேன்.

"பின்ன என்ன மரமா? வாராவாரம் எண்ணெ குடிக்குது, சீக்காத் தண்ணி குடிக்குது, வெயில்ல காயுது. என்னா கொறஞ்சு போச்சு? உங்க தொரைதான் பந்தப் பச்சப்புள்ள மாதிரி பொத்தி வச்சிருக்கார். நம்ம ஊர் ஆளு நல்ல காரியத்துக்குப் போறப்ப எண்ணெ தேச்சுத் தலமுழுகாமலா போவாங்க?"

அவள்மேல் பழி போட மாட்டேன். அவள் பேச்சுக்குச் சொன்னாள். கையில் நல்லெண்ணெயை ஊற்றிக்கொண்டவன் நான். தண்ணீர் கூடாது, எண்ணெய் கூடாது, வெயில் கூடாது என்ற மூன்றும் அந்த நிமிஷம் என் காதில் கேட்டன. கேட்டும், இவர் என்ன கண்டார், எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அனுபவம் இருக்கிறது என்று ஒரு திமிர். வெள்ளைக்காரனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பு எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? பொட்டுப் பந்தை மட்டும் எடுத்து எண்ணெய் தேய்த்து ஊறவைத்தேன். வெதுவெதுப்பான சீயக்காய்த் தண்ணீரில் முக்கி எண்ணெய் போக்கினேன். பின்கட்டு முற்றத்தில் முறத்தின்மேல் வைத்து வெயில் காட்டினேன், அரைமணி நேரம் இருக்கும். எடுத்துத் துடைத்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், முத்து மாதிரி இருந்தது. ஆரோக்கியம் அதற்குத் திருஷ்டி கழித்தாள்.

சீப்பு மெல்லிய தகடு. உள்ளே போன ஈரம் உடனே வெளியே வந்துவிடும். பந்து கெட்டி. ஒரு பக்கம் ஈரத்தைக் குடித்து உப்ப, இன்னொரு பக்கம் வெயிலில் சுருங்க, உருண்டை வடிவம் கெட்டுவிடும். அதுவும் உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் ஆகும். இதையெல்லாம் நான் பிற்பாடு யோசித்துத் தெரிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பெட்டியைக் கொண்டுபோனேன். மறுநாள் ஆட்டத்துக்காக அன்று அறையை மூடிவைத்திருந்தார்கள், முசே லூசியானி நாற்காலிகளை வரிசைப்படுத்துவதில் மும்முரமாக இருந்தார். மேசைத் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால் மேசையில் உருட்டிப் பார்க்கவும் வழியில்லை. பெட்டியைத் திறக்காமலே சொன்னார்: "உங்கள் பந்தை நான் பார்க்க வேண்டியதில்லை, முசே லூர்து." அத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருநாள்தான்.

புதன்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் மேசைப் போர்வையை எடுத்துவிட்டு, பொட்டுப் பந்தை நானே மெதுவாக உருட்டிப் பார்த்தேன். முக்கால் தூரம் நேராகப் போனது. கடைசியில் களைத்தவன் மாதிரி இடப்பக்கம் சாய்ந்து, நான் குறிவைத்த இடத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளி நின்றது. மறுபடி உருட்டினேன். இந்தத் தடவை வலப்பக்கம் சாய்ந்தது.

அலமாரியில் இன்னொரு பெட்டி இருந்தது. அதன் சாவி முசே லூசியானியிடம். போய்ச் சொல்ல வேண்டியதுதான், "முசே, தப்புப் பண்ணிவிட்டேன், மாற்றுப் பந்து கொடுங்கள்" என்று. வாசல்வரை போனேன். வேலை போய்விடும். அது ஒருபக்கம். "உங்கள் பந்தை நான் பார்க்க வேண்டியதில்லை" என்றவர் கழுத்துப் பொத்தானைத் தொடுவதை நான் பார்க்க வேண்டுமே, அது அதைவிடப் பெரிதாகப் பட்டது. ஓங்கி அடிக்கும்போது தெரியாது, இவர் பெரிய ஆட்டக்காரர், சமாளித்துக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஐந்தரை மணிக்கு அறை நிரம்பிவிட்டது; மூத்த உறுப்பினர் ஒருவர் நடுவராக உட்கார்ந்திருந்தார். முசே அமலோர் புதிதாகத் தைத்த வெள்ளை உடையில் வந்தார். என்னைப் பார்த்துக் கண்ணால் மட்டும் சிரித்தார். நான் எண்ணிக்கைப் பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் ஐம்பது புள்ளிவரை அவர்தான் முந்தினார். பெர்த்தோவே கை தட்டினார். பிறகு முசே அமலோர் தன் வழக்கமான ஆட்டத்துக்கு வந்தார். மூன்று பந்தையும் மூலைக்குக் கூட்டிவந்தார், மெதுவாகத் தட்டினார். பந்து போய்ப் போய், சிவப்பைத் தொடாமல் ஒரு மயிரிழையில் விலகி நின்றது. "அடடா" என்றது சபை. அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும்.

அவருக்கு முகம் வெளுத்தது. கோல் முனையில் சுண்ணாம்பு பூசும் சாக்கில் என் பக்கம் வந்து நின்று, என் முகத்தை நேராகப் பார்த்து, மெல்லத் தமிழில் கேட்டார்:

"லூர்து, பந்து சரியாத்தானே இருக்கு?"

ஆட்டக்காரனுக்குப் பந்தைச் சோதிக்கச் சொல்ல உரிமை உண்டு. நான் ஒரு வார்த்தை "இல்லை" என்றிருந்தால் போதும். நடுவரிடம் சொல்வார், உருட்டிப் பார்ப்பார்கள், பந்தை மாற்றுவார்கள். முசே லூசியானி நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

"சரியாத்தான் இருக்கு, முசே" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப்பிறகு பந்தை அவர் சந்தேகப்படவே இல்லை. தன் கையைத்தான் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு தட்டலுக்கு முன்னும் விரல்களை விரித்து விரித்துப் பார்த்தார். சந்தேகம் வந்துவிட்ட கை என்ன ஆடும்? நேராகப் போக வேண்டியதும் கோணியது. பெர்த்தோ ஏறிக்கொண்டே போனார். ஒவ்வொரு புள்ளியையும் நான்தான் உரக்கச் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் நூற்றெண்பது, நூற்றெண்பத்தொன்று என்று சொல்லச் சொல்ல என் குரலே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஏழு மணிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. பெர்த்தோ கைகுலுக்கி "நல்ல ஆட்டம்" என்றார். கையெழுத்துப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை முசே லூசியானி என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் பொட்டுப் பந்து. உருட்டிப் பார்த்திருக்கிறார். கன்னத்தில் வைத்தார், மூக்கருகில் கொண்டுபோனார்.

"தண்ணீரா?"

"ஆமாம், முசே."

"எண்ணெயுமா?"

"ஆமாம்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

கை பொத்தானுக்குப் போனது. ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது. பிறகு சொன்னார்: "நான் இதைச் சபையில் சொன்னால் உங்களை அனுப்பிவிடுவார்கள். அதோடு நிற்காது. வேலைக்காரன் அவருடைய ஊர்க்காரன், இருவரும் சேர்ந்து பந்தில் ஏதோ செய்தார்கள், அது அவர்களுக்கே வினையாகிவிட்டது என்று அவரையும் சேர்த்துப் பேசுவார்கள். ஆகவே நீங்கள் அவரிடம் போய்ச் சொல்லுங்கள். என்ன செய்வது என்று அவர் முடிவுசெய்யட்டும். அது அவருடைய உரிமை." பந்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தார். திரும்பி வரும்போது பை தட்டையாக இருந்தது.

ஒருவாரம் கழித்து, "சொன்னீர்களா?" என்று கேட்டார்.

"சொல்லிவிட்டேன், முசே."

"என்ன சொன்னார்?"

"மன்னித்துவிட்டார்."

அன்றிலிருந்து தெருவில் முசே அமலோரைக் கண்டால் முசே லூசியானி தொப்பியை முழுதாகக் கழற்றி வணங்குவார். ஏன் இந்த மரியாதை என்று தெரியாமல் முசே அமலோர் திகைப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் மட்டும் எல்லாம் தெரிந்தவனாக நின்றேன். சில வருஷம் கழித்து முசே லூசியானி ஊருக்குப் போனார். அங்கேயே இறந்துபோனதாகக் கடிதம் வந்தது. நான் தப்பை ஒப்புக்கொண்டவன் என்று நம்பிக்கொண்டே போய்விட்டார்.

நான் ஏன் சொல்லவில்லை? சொல்லத்தான் போனேன். அடுத்த திங்கட்கிழமை முசே அமலோர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவரே கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தார்.

"நல்ல நேரத்துல காப்பாத்துன லூர்து. பந்து சரியில்லன்னு நடுவர்கிட்ட சொல்ல வாயத் தொறந்துட்டேன். நீ மட்டும் சரியா இருக்குன்னு சொல்லலன்னா அத்தன பேர் முன்னாடி மானம் போயிருக்கும். தோக்குறதுக்குப் பந்த நொட்டச் சொல்றான் பாருன்னு சிரிச்சிருப்பானுவ. என் கைதான்பா. கை நடுங்கிடுச்சு."

நன்றி சொல்லுகிற மனிதனிடம் எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் சொல்லலாம் என்று வந்துவிட்டேன். அடுத்த வாரம் அவருக்குக் கடைசிப் பையன் பிறந்தான். ஞானத்தகப்பனாக என்னைத்தான் நிற்கச் சொன்னார். கோவிலில் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு, பசாசையும் அதன் மாயைகளையும் விட்டுவிடுகிறாயா என்று சாமியார் கேட்டபோது, விட்டுவிடுகிறேன் என்று குழந்தைக்காகச் சொன்னேன். எனக்காகச் சொல்ல நா எழவில்லை.

அவர் மறுபடி கோலைத் தொடவில்லை. தன்னுடைய கோலை யாருக்கோ கொடுத்துவிட்டார். காப்பிக்கடையில் எத்தனை பேர் கூப்பிட்டுப் பார்த்தார்கள்! "அந்தக் கை போயிடுச்சுப்பா" என்பார், செத்துப்போன ஒரு ஆளைப் பற்றிச் சொல்வதுபோல. அலுவலகத்தில் பெரிய பதவிக்கு ஒரு பரீட்சை வந்தது. எழுது என்று எல்லோரும் சொன்னார்கள். "பத்துப் பேர் பாக்கறப்ப எனக்கு நடுங்கும்" என்று விட்டுவிட்டார். ஒரு தோல்வியை மனிதன் தாங்கிக்கொள்வான். தன் கையையே நம்பாமல் எப்படி வாழ்வது? அப்படித்தான் வாழ்ந்தார், முப்பது வருஷத்துக்குப் பக்கமாக. நான் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப்பின் அவரோடு நடந்தேன், பேசினேன், அவர் வீட்டில் சாப்பிட்டேன். என்னைப்போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

அந்தோணி வந்துபோன மறுநாள், மத்தியானம் மழை விட்டதும், முசே அமலோர் வீட்டுக்குப் போனேன். இப்போது அவர் படுக்கையோடு படுக்கை. மருமகள் தலையணையை உயர்த்தி உட்காரவைத்துவிட்டு உள்ளே போனாள். நான் கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே, ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சீப்பு, எண்ணெய், வெயில், மத்தியானம் உருட்டிப் பார்த்தது, அவர் கேட்டது, நான் சொன்னது. ஆற்றில் போன பந்தையும் சொன்னேன். சொல்லிமுடித்து அழுதேன்.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவ்வளவு அன்பு இருந்தது.

"போய்யா. சாகப்போறவனத் தேத்துறதுக்கு என்னமா கத கட்டுற."

"கத இல்ல முசே. நெசம்."

"நான் ஒம் மூஞ்சியப் பாத்துத்தானே அன்னிக்குக் கேட்டேன்? பொய் சொல்ற மூஞ்சி எனக்குத் தெரியாதா? அன்னிக்கு நீ சொன்னது நெசம். இன்னிக்குத்தான் பொய் சொல்ற." போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டிக் காட்டினார். "பாரு. இந்தக் கைதான்."

"மாதா மேல சத்தியமாச் சொல்றேன், முசே..."

சட்டென்று அவர் முகம் மாறியது. "வேணாம் லூர்து. எனக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணாத. பாவம் வந்து சேரும்."

மருமகள் காப்பி கொண்டுவந்தாள். "ஒன் மாமனாருக்காக லூர்து என்னா வேல பண்றாம் பாரு" என்று அவளிடம் பெருமையாகச் சொன்னார். நான் காப்பியைக் குடித்துவிட்டு, அவருக்குப் போர்வையை இழுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.